படத்தில் காட்டியுள்ளபடி

பிப்ரவரி 2, திங்கள்

இந்த டைரி ஒரு பம்ப்செட் கம்பெனி எங்கள் அலுவலகத்துக்குக் கொடுத்த புத்தாண்டுப் பரிசு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் குதிரைத்திறன் பற்றி ஒரு பொன்மொழி. ஜனவரி முழுக்க மேஜை இழுப்பறையில் கிடந்தது. இன்று வீட்டுக்கு எடுத்து வந்தேன். அலுவலகத்தில் சொல்ல முடியாததை எங்காவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

எங்கள் புதிய மேனேஜர் பிரணவுக்கு எழுத்துகள் ஆகாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாதே, அதுபோல. பார்த்தாலே அரிக்கிறது.

சிறு ஊர்களில் இருக்கும் டயாலிசிஸ் மையங்களுக்கு நாங்கள் ஒரு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். யார், என்றைக்கு, எந்த ஷிப்டில், எந்த மிஷினில் என்பதை அது பார்த்துக்கொள்ளும். முந்தின நாளே நோயாளியின் போனுக்குச் செய்தி அனுப்பும்: வருவதாக இருந்தால் 1 என்று பதில் போடவும். மாலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை. இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்த இடம் ரத்தாகி, காத்திருக்கும் இன்னொருவருக்குப் போய்விடும். இதையெல்லாம் எப்படி இயக்குவது என்று மையத்தில் இருப்பவர்களுக்கு எழுதிச் சொல்வது என் வேலை. இப்போதைய கையேடு எண்பத்து நான்கு பக்கம்.

பிரணவ் அதை எலிவாலைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கினான்.

“மேடம், இது மேனுவலா, தீசிஸா?”

வேதியியலில் ஒரு தீசிஸைப் பாதியில் விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவள் நான். அது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகச் சிரித்திருப்பான்.

“நாலு பக்கம் போதும் மேடம். யூஸர் படிக்க மாட்டான். பாப்பான், அழுத்துவான், போயிட்டே இருப்பான். படம் போடுங்க. ‘படத்தில் காட்டியுள்ளபடி செய்யவும்’. அவ்வளவுதான்.”

நாலு பக்கம். எங்கள் வீட்டு மிக்ஸியோடு வந்த புத்தகம் முப்பத்திரண்டு பக்கம். அது தேங்காய்ச் சட்னி அரைப்பதற்கு.

பிப்ரவரி 4, புதன்

இன்று முழுக்க வெட்டினேன்.

பல்கலைக்கழக லேபில் ஒரு பலகை இருந்தது. அமிலத்தைத் தண்ணீரில் ஊற்று. தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதே. பிரணவ் அங்கே இருந்திருந்தால், ரெண்டும் ஒண்ணுதானே மேடம் என்று பாதியை எடுத்திருப்பான். எந்தப் பாதியை எடுத்தான் என்பது மறுநாள் மாணவர்களின் முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும்.

மற்றதையெல்லாம் அவன் கேட்காமலே வெட்டினேன். இரண்டு பக்கங்களுக்கு மட்டும் சண்டை போட்டேன். சண்டை என்றால், வழக்கத்தைவிட மெதுவான குரலில் பேசினேன்.

முதலாவது, முப்பத்தேழாம் பக்கம். நோயாளியிடம் போன் இல்லையென்றால் என்ன செய்வது என்பது. எண்ணுக்கான கட்டத்தில் பத்துப் பூஜ்யங்கள் போட வேண்டும். போட்டால் மென்பொருள் அவருக்குச் செய்தி அனுப்பாது, பதிலும் எதிர்பார்க்காது, அவர் இடத்தையும் ரத்து செய்யாது.

“இந்தக் காலத்துல போன் இல்லாதவங்க யாரு மேடம்? பிச்சைக்காரங்ககூட க்யூஆர் கோடு வெச்சிருக்காங்க.”

“கேஸ் வந்தா?”

“அது எட்ஜ் கேஸ். ஓரத்துல எப்பவாச்சும் வர்றது. எட்ஜ் கேஸுக்கெல்லாம் பக்கம் ஒதுக்க முடியாது.”

இரண்டாவது, அறுபத்தொன்றாம் பக்கம். ரத்தான இடத்தைத் திரும்பக் கொடுப்பது எப்படி என்பது. சிவப்பாகிவிட்ட பெயர்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் ‘திரும்பச் சேர்’ என்று இருக்கும். சொல்லாமல் யாருக்கும் தெரியாது. பெயரை அழுத்திப் பிடிக்கலாம் என்று எவருக்குத் தோன்றும்?

“தெரிஞ்சா மிஸ்யூஸ் பண்ணுவாங்க மேடம்,” என்றான். அதுவும் போயிற்று.

மிச்சம் இருப்பது நான்கு பக்கமும் நடுவில் ஒரு பெரிய படமும். படத்தில் பூர்த்தி செய்யப்பட்ட ஒரு படிவம். பெயர்: மாதிரி நோயாளி. வயது: 45. போன் எண் என்னுடையது. இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. வாய்க்கு வந்த பத்து இலக்கத்தைப் போட்டால் அது எங்கோ ஒரு அப்பாவியின் எண்ணாக இருந்துவிடும். அதனால் மாதிரிக்கு எப்போதும் என் இரண்டாவது எண்ணைத்தான் போடுவேன். என் கணவர் மனோகருக்கு ஓசூருக்கு மாற்றலானபோது, நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதற்கென்று வாங்கிய எண். பழைய போனில் கிடக்கிறது. அதற்கு யாரும் அழைப்பதில்லை. மாதிரிக்கு அதைவிடப் பொருத்தமான எண் கிடைக்காது.

பிப்ரவரி 8, ஞாயிறு

அப்பார்ட்மென்ட் சங்கச் செயலாளர் தண்டபாணி வந்தார். நான் கதவை முழுதாகத் திறக்கவில்லை. அவர் முழுதாகப் பேசினார்.

“ஏனுங் மேடம், சார் எப்ப வர்றாருங்க?”

“வருவார்.”

“இல்லீங், உங்க கார் பார்க்கிங் ரெண்டு வருசமா சும்மாதான கெடக்குது. மூணாவது மாடில புதுசா வந்த டீச்சரம்மா வண்டிய ரோட்டுல நிறுத்தறாங்க. நாய் சீட்டக் கிழிச்சுப் போடுது. சார் வர்ற வரைக்கும் குடுத்தீங்கன்னா…”

“அவர் திடீர்னு வந்தா எங்க நிறுத்துவார்?”

தண்டபாணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அதுவுஞ் சரிதானுங்,” என்று இறங்கிப் போனார். அந்தப் பார்வையைத் தவிர்க்க நான் வீட்டில் டீத்தூள் தீர்ந்திருந்ததைப் பற்றி யோசித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

நான்கு பக்கக் கையேடு வெளியீடு. கேக் வெட்டினார்கள். எல்லா மையங்களுக்கும் லேமினேட் செய்து அனுப்பியாகிவிட்டது. கவுன்ட்டரில் கண்ணெதிரே ஒட்டிக்கொள்ள வசதி. ஆன்லைனில் பயிற்சி கொடுத்தபோது, “படத்துல இருக்கற மாதிரியே பண்ணுங்க, எதையும் மாத்தாதீங்க,” என்று பிரணவ் மூன்று முறை சொன்னான்.

கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பெட்டியில் அந்த விவரம் போடவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

மாலை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது இழுப்பறைக்குள் அந்தப் பழைய போன் மணியடித்தது. சோப்புக் கையோடு ஓடினேன். ஓடினேன் என்பது மிகை, சமையலறை சின்னது.

“பழனாத்தாள், நாளை காலை ஷிப்டில் உங்களுக்கு டயாலிசிஸ். வருவதாக இருந்தால் 1 என்று பதில் அனுப்பவும்.”

எழுதியது நான்தான். என் வாக்கியம் எனக்கே வந்திருக்கிறது. எழுத்தாளர்களுக்கு வாசகர் கடிதம் வருமாம்.

புரிந்துகொள்ள நேரமாகவில்லை. செய்தியின் அடியில் மையத்தின் பெயர் இருந்தது. தாராபுரம் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் மையம். பழனாத்தாளிடம் போன் இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் மென்பொருள் அடுத்த பக்கத்துக்குப் போகாது. கவுன்ட்டரில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். படத்தில் ஓர் எண் இருக்கிறது. படத்தில் காட்டியுள்ளபடி செய்திருக்கிறார்.

பழனாத்தாள் நாளை வருவாரா என்று எனக்குத் தெரியாது. பதில் போடாவிட்டால் இடம் போய்விடும் என்பது மட்டும் தெரியும். வாரத்துக்கு இரண்டு முறை ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறவருக்கு ஒரு முறை தவறினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். எண்பத்து நான்கு பக்கம் எழுதியவளுக்கு இதுகூடத் தெரியாதா?

1 போட்டேன்.

பிப்ரவரி 16, திங்கள்

பிரணவிடம் சொன்னேன்.

“ஒரு கேஸா? எட்ஜ் கேஸ் மேடம்.”

புரோகிராமர் தஸ்லீமிடம் போனேன். அந்தப் பெண் காதிலிருந்து ஹெட்போனை எடுத்துவிட்டுக் கேட்கும் ஒரே ஆள்.

“அக்கா, போன் கட்டத்தைக் கட்டாயமாக்குனதே அவருதான். ‘போன் இல்லை’ன்னு ஒரு பட்டன் வெக்கறது அரை நாள் வேலை. ஆனா அந்த வேலைக்கான டிக்கெட்ல அவர் ஓகே போடணும். அடுத்த மாசம் பாக்கலாம்னுட்டாரு.”

மென்பொருளுக்கு அடுத்த மாதம் இருக்கிறது. சிறுநீரகத்துக்கு வியாழக்கிழமை.

பிப்ரவரி 22, ஞாயிறு

இப்போது பழனாத்தாள் தனியாக இல்லை. ராக்கியப்பன் வந்திருக்கிறார், செவ்வாயும் வெள்ளியும். மயிலாத்தாள், மதிய ஷிப்ட். அப்துல் கனி, இவருக்கு வாரம் மூன்று. இன்னும் சிலர். எல்லாருக்கும் மாலையில் 1 போடுகிறேன். பழைய போனுக்குப் புது சார்ஜர் வாங்கினேன். குளிக்கப் போகும்போது பாத்ரூம் ஜன்னலில் வைக்கிறேன்.

மனோகருக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். கீசர் கசிகிறது, பிளம்பர் மாற்றிவிடலாம் என்கிறார், வாரன்ட்டி அட்டை எங்கே வைத்தீர்கள், அட்டை இல்லாவிட்டாலும் பில் இருந்தால் போதுமாம் என்று எல்லா விவரங்களும். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

அவருக்கு வேலை அதிகம்.

பிப்ரவரி 26, வியாழன்

இனி முடியாது என்று மையத்துக்கே போன் செய்தேன். கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணின் பெயர் கோமதி. உற்சாகமான குரல்.

“சொல்லுங்க மேடம்! ஆபீஸ்லருந்துங்களா? சாப்ட்வேர் சூப்பருங்க!”

“போன் இல்லாத பேஷன்ட்டுக்கு என்ன நம்பர் போடறீங்க?”

“படத்துல இருக்கற நம்பர்தானுங்க.”

“அது மாதிரிக்குப் போட்ட நம்பர்மா.”

“தெரியுமுங்க. மொத நாளு எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. சரி, போட்டுத்தான் பாப்பம்னு பழனாத்தாக்காவுக்குப் போட்டேன். சாயங்காலமே ஒண்ணுன்னு பதில் வந்துருச்சுங்க! அப்பறம்தான் வெளங்குச்சு, போன் இல்லாதவங்களுக்காக கம்பெனியே ஆளு வெச்சுப் பாத்துக்குதுன்னு. எங்க மத்த சென்டருக்கெல்லாம்கூட நான்தான் சொல்லிக் குடுத்தேன். பெரிய டாக்டர் உங்க கம்பெனியப் பாராட்டுனாருங்க.”

பத்துப் பூஜ்யம் போடச் சொன்னேன்.

“பூஜ்யமுங்களா?” குரலில் உற்சாகம் இறங்கியது. “அது படத்துல இல்லீங்களே மேடம். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னையத்தான கேப்பாங்க? எழுத்துல குடுத்துட்டீங்கன்னா போட்டுறலாமுங்க.”

எழுத்தில் கொடுத்திருந்தேன். முப்பத்தேழாம் பக்கம்.

அவள் சொன்னதில் தப்பில்லை. நான் பதில் போடாமல் இருந்திருந்தால் முதல் வாரமே இடம் ரத்தாகி, சண்டை வந்து, பிழை வெளியே தெரிந்திருக்கும். இரக்கப்பட்டு அந்தப் பிழையை மென்பொருளின் அம்சமாக்கியது நான். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதவில்லை. ரசம் பொங்கிவிட்டது.

மார்ச் 2, திங்கள்

கூட்டம். பிரணவ் திரையில் ஒரு பச்சைக் கோட்டைக் காட்டினான். கோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“செய்திக்குப் பதில் போடறவங்க சதவீதம். பழைய மேனுவல்ல அறுபது. இப்ப தாராபுரம் சென்டர்ல தொண்ணூத்தெட்டு! ஏன்? ஏன்னா சிம்பிளா சொன்னோம். கம்மியா சொன்னா யூஸர் கேப்பான்.”

எல்லாரும் கைதட்டினார்கள். தஸ்லீம் என்னைப் பார்த்தாள். நானும் தட்டினேன். அந்தக் கோடு என் கட்டைவிரல்.

கூட்டம் முடிந்ததும் மையங்களுக்கு ஒரு வரி எழுதி அனுப்ப அனுமதி கேட்டேன். பத்துப் பூஜ்யம் போடவும் என்று. “இப்ப எதுக்கு மேடம் கன்ஃப்யூஸ் பண்ணணும்? நல்லாத்தான போயிட்டிருக்கு?” என்றான்.

மார்ச் 5, வியாழன்

பருப்புப்பொடி அரைத்தேன். மனோகருக்கு ஓசூரில் நல்ல பொடி கிடைப்பதில்லை. சனிக்கிழமை நேரில் போய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். சொல்லவில்லை. சொன்னால், வேண்டாம், சிரமம் என்பார். அக்கறையான மனிதர்.

மார்ச் 7, சனி

ஓசூர். மனோகர் வெளியே போயிருந்தார். கதவைத் திறந்த பெண் உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்தார். எந்தத் தம்ளர் எந்த அலமாரியில் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் நான் யாரென்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வாசலில் புதிதாக ஒரு செருப்பு ஸ்டாண்ட். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிவிட்டேன்.

பொடி நன்றாக வந்திருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

மகளிர் தினம். அலுவலகக் குழுவில் பிரணவ் ரோஜாப்பூ அனுப்பியிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். பழைய போனை நேற்று ரயிலில் அணைத்தேன். அது எங்கள் இருவருக்கென்று வாங்கிய எண். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தாலும் யாரும் சரிபார்க்கப் போவதில்லை.

பகல் முழுக்கத் தூங்கினேன்.

மார்ச் 9, திங்கள்

காலையில் பழைய போனை இயக்கினேன். வரிசையாக விழுந்தன. மாலையில் ஒன்று, இரவில் ஒன்று, கடைசியாக இன்று விடிகாலையில்: “பழனாத்தாள், பதில் கிடைக்காததால் இன்று உங்கள் இடம் ரத்து செய்யப்பட்டது.” அந்த வாக்கியமும் நான் எழுதியதுதான். ‘வருந்துகிறோம்’ என்று ஒரு சொல் வைத்திருந்தேன். அதையும் எடுத்திருக்கிறார்கள்.

நேற்று மையத்துக்கு விடுமுறை. இன்றைய பட்டியலில் என் ஆட்களில் பழனாத்தாள் மட்டும்தான். நாளைக்கு வரவேண்டியவர்களுக்கு இன்று மாலைதான் செய்தி வரும்.

கோமதிக்குப் போன் செய்தேன்.

“மேடம், பழனாத்தாக்கா காத்தாலயே வந்துட்டாங்க. எடம் வேற ஆளுக்குப் போயிருச்சுங்க. வீட்டுக்குப் போங்கன்னா போக மாட்டேங்கறாங்க. காலெல்லாம் வீங்கியிருக்குது. லேசா மூச்சு வாங்குதுங்க.”

“வேற மிஷின்?”

“மதியம் ஒண்ணு காலிதானுங்க, அந்த பேஷன்ட்ட கோயமுத்தூருக்கு அனுப்பிட்டாங்க. ஆனா இவங்க பேரு செவப்பா இருக்குது. செவப்பா இருந்தா சிலிப் வராது. சிலிப் இல்லாம ஸ்டோர்ல டியூப் தர மாட்டாங்க.”

“பேர் மேல விரலை வெச்சு அழுத்திப் பிடிங்க.”

“எந்தப் பேரு மேலீங்க மேடம்?” அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு போனை யாரும் எடுக்கவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து தாராபுரத்துக்கு பஸ் ஏறினேன். பிரணவுக்கு ‘உடம்பு சரியில்லை’ என்று செய்தி. யாருடைய உடம்பு என்ற விவரத்தைச் சேர்க்கவில்லை. சுருக்கமாகச் சொன்னால்தான் அவனுக்குப் பிடிக்கும்.

மையத்தில் கட்டில் காலியாக இருந்தது. மிஷின் கழுவித் தயாராக இருந்தது. நர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். பெஞ்சில் ஒரு பெண்மணி, வீங்கிய கால்களைச் செருப்பிலிருந்து விடுவித்து நீட்டிக்கொண்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பழனாத்தாள் என்றதும் நான் ஒரு கிழவியைக் கற்பனை செய்திருந்தேன். என் வயதுதான். அவருக்கும் மிஷினுக்கும் இடையில் தடையாக இருந்தது ஒரு துண்டுச் சீட்டு.

“ஏனுங்க, நீங்களே சொல்லுங்க,” என்றார் என்னைப் பார்த்ததும். யாரென்று கேட்கவில்லை, நியாயம் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்பது போல. “நான் காத்தாலருந்து இங்கயே உக்காந்திருக்கறேன். நான் வரலீன்னு அந்தப் பொட்டி சொல்லுதாமா. கண்ணு முன்னால இருக்கறவளப் பாத்து!”

“அக்கா, நான் என்னத்தப் பண்றது?” என்றாள் கோமதி. அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. “படத்துல இதுக்கு ஒண்ணும் போடலியே.”

லேமினேட் செய்த என் நான்கு பக்கங்கள் அவள் தலைக்கு மேல் மினுங்கிக்கொண்டிருந்தன. ஓரத்தில் யாரோ மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

திரையில் சிவப்புப் பெயர்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தேன். பெட்டி திறந்தது. திரும்பச் சேர். பெயர் பச்சையானது. பிரிண்டர் கிர்ரென்று சீட்டைத் துப்பியது.

“அடக் கெரகமே!” என்றாள் கோமதி. “இவ்வளவுதானா?”

இவ்வளவுதான். அறுபத்தொன்றாம் பக்கத்தில் மூன்று வரி.

மிஷின் ஓடத் தொடங்கிச் சற்று நேரத்துக்குப் பிறகு பழனாத்தாள் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். கோமதி சொல்லியிருக்கிறாள்.

“இத்தன நாளும் எனக்குப் பதிலா ஒண்ணு போட்டுட்டிருந்தது நீங்கதானுங்களா?”

“ஆமாம்.”

“எங்கிட்ட போனில்ல. பையன் கைல ஒண்ணிருக்குது, அவன் திருப்பூர்ல. சரி, நான் வருவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது.”

“ஒருக்கா நான் வராமப் போயிருந்தா?”

“பெட் காலியா இருந்திருக்கும்.”

“அது தப்புங்க,” என்றார் உடனே. படுத்துக்கொண்டு, ரத்தம் குழாயில் போய்க்கொண்டிருக்க, எனக்குத் தீர்ப்புச் சொன்னார். “வராதவங்களுக்குன்னு கட்டலக் காலியாப் போட்டு வெச்சா வந்தவங்க எங்க போறது? உங்க ரூலு சரிதானுங்க. ஆனா நான் வந்தவ. அதான் எனக்கு வவுறு எரியுது.”

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“நேத்து ஏனுங்க போடல?”

“ஊருக்குப் போயிருந்தேன்.”

“விசேசமுங்களா?”

“இல்ல.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “வெளிய இளநிக்காரன் இருப்பான். நான் குடிக்கக் கூடாது. நீங்க ஒண்ணு குடிச்சுட்டுப் போங்க. மூஞ்சி வாடிக் கெடக்குது,” என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. எவ்வளவு விவரம் போதும் என்பது சிலருக்குத் தெரிந்திருக்கிறது.

இளநீர் குடித்தேன். மீதிப் பேருக்கு பஸ்ஸில் 1 போட்டுக்கொண்டே வந்தேன்.

மார்ச் 11, புதன்

கூட்டம். அதே பச்சைக் கோடு. இந்த முறை அறக்கட்டளைக்காரர்களும் வீடியோவில் இருந்தார்கள். பிரணவ் தொண்ணூற்றெட்டுக்கு வந்ததும் நான் கையைத் தூக்கினேன். இத்தனை வருடத்தில் கூட்டத்தில் நான் கை தூக்கியது ஏசியைக் குறைக்கச் சொல்வதற்கு மட்டும்தான்.

என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்று முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன். மூன்று பக்கம் வந்தது. வெட்டினேன்.

“அந்த மையத்துல போன் இல்லாதவங்களுக்கெல்லாம் பதில் போட்டது நான். ஞாயித்துக்கிழமை நான் போடல, திங்கக்கிழமை ஒரு அம்மாவுக்கு மூச்சு முட்டுச்சு.”

யாரும் கைதட்டவில்லை.

“மேடம், இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே,” என்றான் பிரணவ்.

“சொன்னேன். எட்ஜ் கேஸ்.”

திரையில் அந்தப் பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் அந்த எட்ஜுலதான் தம்பி நிக்கறாங்க,” என்றார்.

மதியத்துக்குள் தஸ்லீமின் டிக்கெட்டுக்கு ஓகே வந்தது. ‘போன் இல்லை’ பட்டன் மாலையே மையங்களுக்குப் போய்விட்டது. கையேடுதான் பேரமானது. நான் நாற்பது பக்கம் கேட்டேன். பிரணவ் ஐந்து என்றான். கடைசியில் ஒன்பது. போன் இல்லாதவர்களுக்கான வரி முதல் பக்கத்தின் முதல் வரி. திரும்பச் சேர்ப்பது கடைசிப் பக்கத்தில், படத்தோடு. ‘வருந்துகிறோம்’ திரும்ப வந்துவிட்டது. அதற்கு மட்டும் அவன் வாதாடவில்லை.

நியாயமாகச் சொன்னால், எழுபத்தைந்து பக்கம் வெட்டியும் கையேடு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பெரும்பாலானது நான் எனக்காக எழுதியது. இதைப் பிரணவிடம் சொல்வதாக இல்லை.

“மாதிரி நம்பர் மட்டும் மாத்தணும் மேடம். எந்த நம்பர் போடலாம்?”

“நிஜமான நம்பரா இருக்கணும். பொறுப்பானவங்க நம்பரா இருக்கணும். ராத்திரி செய்தி வந்தாலும் எடுக்கணும்,” என்றேன். “உங்களோடத போட்டிருக்கேன்.”

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மார்ச் 14, சனி

பழைய போனுக்கு நேற்றிலிருந்து ஒரு செய்திகூட இல்லை. கோமதி எல்லாரையும் மாற்றிவிட்டாள். இழுப்பறையில் வைத்தேன். சார்ஜரைப் பிடுங்கவில்லை.

மதியம் அது மணியடித்தது. தாராபுரம் எண்.

“நான் பழனாத்தா பேசறேனுங்க. மருந்து வாங்க வந்தேன். கோமதி போன் போட்டுக் குடுத்துச்சு. திங்கக்கெழம நான் வர்றேனுங்க. அதச் சொல்லலாம்னுதான்.”

“எனக்குச் சொல்ல வேண்டியதில்லீங்க. இப்பல்லாம் பதிலே தேவையில்ல.”

“தெரியுமுங்க. கோமதி சொல்லுச்சு,” என்றார். “ஒரு பேச்சுக்குச் சொன்னேன். இளநி குடிச்சீங்களா அன்னிக்கு?”

குடித்தேன் என்றேன்.

போனை வைத்ததும் கீழே இறங்கிப் போனேன். தண்டபாணி மோட்டார் ரூம் வாசலில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். டீச்சரம்மாவை வண்டியை என் இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன்.

“சார் வந்தாருன்னா மேடம்?”

“வந்த ஆளுக்குக் குடுங்க.”

மாலைக்குள் அங்கே ஒரு நீல ஸ்கூட்டர் நின்றது. சீட்டில் நாய் கிழித்த இடத்தில் பிளாஸ்டிக் டேப் ஒட்டியிருந்தது. இடம் சின்னதாகத் தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய போன் இன்னொரு முறை மணியடித்தது. இந்த முறை நான் கழுவிக்கொண்டிருந்த தட்டை முழுதாகக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுத்தான் போனேன். மனோகரின் செய்தி. அந்த எண்ணை அவர் மறக்கவில்லை போலிருக்கிறது.

“நாளைக்கு வர்றேன். கொஞ்சம் பேசணும். கார்லதான் வர்றேன். பார்க்கிங் இருக்கில்ல?”

உட்கார்ந்து பதில் எழுதினேன். இடத்தை யாருக்குக் கொடுத்தேன், ஏன் கொடுத்தேன், இரண்டு வருடமாக அதை யாருக்கும் கொடுக்காமல் தண்டபாணியிடம் என்னென்ன சொல்லிவந்தேன், ஓசூரில் தண்ணீர் கொடுத்தவருக்கு என் நன்றி, பொடி டப்பாவைத் திருப்பித் தரவேண்டியதில்லை, செருப்பு ஸ்டாண்ட் நல்ல தேர்வு. எல்லாம் எழுதினேன். படித்துப் பார்த்தேன். எண்பத்து நான்கு பக்கத்தின் நடை.

பிறகு வெட்ட ஆரம்பித்தேன். ஸ்டாண்ட் போயிற்று. தண்ணீர் போயிற்று. தண்டபாணி போனார். டீச்சரம்மாவும் ஸ்கூட்டரும் போனார்கள். மிஞ்சியது ஒரு சொல்.

“இல்லை.”

அனுப்பினேன். பிரணவ் பார்த்தால் பெருமைப்படுவான்.